பரவாயில்லை என்றால் திருப்தியாம்

திரையில் ஒரு வரைபடம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் எங்கள் தீவு, அதன் கிழக்கு ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும் பைபாஸ். சாலை நெடுகப் பொட்டு வைத்த மாதிரி வட்டங்கள். சிவப்பு என்றால் மோசம். மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டியது. பச்சை என்றால் மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள். எங்கள் தெரு பைபாஸைத் தொடும் இடத்தில் இருந்த வட்டம் பச்சை.

என் மகள் அந்தப் பச்சை வட்டத்துக்குள்தான் விழுந்து கிடந்தாள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. திருச்சிக்கும் வையம்பட்டி வரை சுற்றியுள்ள ஊர்களுக்கும் சேர்த்து ஒரு பெரிய திட்டம் போடுகிறார்களாம். சாலை, பாலம், பஸ், சாக்கடை எல்லாம் அதில் வருமாம். பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நான் லேபில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. ஒரே ஒரு விஷயம் சொல்வதற்காகத்தான் போனேன். எங்கள் பகுதிப் பிள்ளைகள் பைபாஸைக் கடக்க ஒரு சுரங்கப்பாதை வேண்டும். அது இந்தத் திட்டத்தில் வரவில்லை என்றால் இனி எப்போதும் வராது.

பள்ளிக்கூடம் சாலைக்கு அந்தப் பக்கம். எங்கள் வீடுகள் இந்தப் பக்கம். முறைப்படி கடக்க வேண்டுமானால் ஆற்றுப்பாலத்தை ஒட்டிய கீழ்வழிக்குப் போக வேண்டும். வெகுதூரம், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், வெளிச்சமும் கிடையாது. அதனால் எல்லோரும் சாலை நடுவில் இருக்கும் சென்டர் மீடியனில் உள்ள இடைவெளி வழியாகத்தான் கடப்போம். பாதி சாலையைக் கடந்து அந்த இடைவெளியில் நிற்போம். மறுபாதி காலியாகும்போது ஓடுவோம். என் மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அங்கே நின்றிருந்தபோதுதான், திரும்புவதற்காக வேகமாக உள்ளே நுழைந்த ஒரு லோடு வேன் அவளை இடித்தது. பிளஸ் ஒன் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தொடை எலும்பு உடைந்து, உள்ளே ராடு வைத்துத் தைத்தார்கள்.

போன் வந்தபோது ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசியை உருவி, பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனை எடுத்தேன். அந்த வரிசை எனக்கு இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பிறகு குழந்தைகளுக்கு ஊசி போட என் கை ஒத்துழைப்பதில்லை. லேபில் இன்னொரு பெண்ணைப் போடச் சொல்லிவிடுகிறேன். தெருவில் லாரி ஹாரன் அடித்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன்.

அதனால் அந்தப் பச்சையைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். கூட்டத்தை நடத்தியது திட்டத்துக்குத் தகவல் சேகரிக்கும் ஒரு நிறுவனத்தின் அதிகாரி. நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அட்டை, கையில் மைக்.

"சார், அந்தப் பச்சை தப்பு," என்றேன்.

"எந்தப் பச்சை மேடம்?"

இடத்தைச் சொன்னேன். அவர் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்பப் பொறுமையாகத்தான் பேசினார்.

"மேடம், இது எங்க அபிப்பிராயம் இல்லை. உங்க தெரு ஆளுங்க சொன்னது. வீடு வீடா போய் எடுத்த டேட்டா."

"என்ன சொன்னாங்க?"

"ரோட்டைக் கடக்குறது எப்படி இருக்குன்னு கேட்டிருக்கோம். அநேகமா எல்லாருமே பரவாயில்லைன்னு சொல்லியிருக்காங்க. பரவாயில்லைன்னா திருப்திங்கற கட்டத்துல வரும்."

"பரவாயில்லைன்னா திருப்தியா?"

"மோசம்னு சொல்லலையே மேடம்?"

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த வார்த்தையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க யாரும் தேவையில்லை. நாள் முழுக்க நான் கேட்கும் வார்த்தை அது. நரம்பு கிடைக்காமல் இரண்டாம் முறை குத்துகிறேன். "வலிக்குதாங்க?" என்று கேட்கிறேன். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. வாய் சொல்கிறது, "பரவாயில்லைங்க." அதற்கு வலிக்கவில்லை என்று அர்த்தமா? நீ சங்கடப்படாதே, நான் பொறுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அதைக் கேட்டுவிட்டு வலி இல்லை என்று குறித்துக்கொள்கிறவளுக்கு ஊசியைத் தொடும் யோக்கியதை உண்டா? இதை எல்லாம் அங்கே சொல்ல வரவில்லை. கோபம் வந்தால் எனக்குக் குரல்தான் முதலில் போகும். "அது அப்படி இல்லை சார், அது அப்படி இல்லை," என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கேள்விக்குப் போகிறோம் என்று அதிகாரி சொன்னார். அப்போது முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் திருமண். கொஞ்ச நேரம் முன்பு உத்ஸவ காலத்தில் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடமில்லை என்று நீளமாகப் பேசி, போதும் சார் என்று உட்கார வைக்கப்பட்டவர் அவர்தான்.

"ஓய், அந்தம்மாவைப் பேச விடுங்கோ," என்றார். "இன்னிக்குக் கார்த்தால ஆத்துக்காரி காபி ஆறிப்போய்க் குடுத்தா. எப்படி இருக்குன்னு கேட்டா. பரவாயில்லைன்னேன். குடிச்சேன்னு நினைச்சேளா? வாஷ்பேசின்ல கொட்டினேன். நீர் அதைத் திருப்தின்னு எழுதிண்டா, நாளைக்கும் எனக்கு அதே காபிதான் வரும்."

மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இளகி, எங்கள் தெருவில் மட்டும் மறுபடி ஒரு முறை கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். என்னிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். காந்தி மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் வேலை. விடிவதற்கு முன்னால் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். பகலில் யார் வந்தாலும் வாசலுக்குப் போகிறவர் அவர்தான்.

"ரோட்டைப் பத்திக் கேக்க யாராச்சும் வந்தாங்களா?"

"ஆமா, ஒரு பொண்ணு வந்துச்சு. கையில பெரிய போன் மாதிரி டேப் ஒண்ணு வெச்சிருந்துச்சு. நல்ல வெயில். தண்ணி குடுத்தேன்."

"என்ன கேட்டா?"

"குடும்பத்துல எத்தனை பேரு, வண்டி இருக்கான்னு எல்லாம் கேட்டுச்சு. அப்புறம் ரோட்டைக் கடக்குறது எப்படி இருக்குன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார். உள்ளே கட்டிலில் இருந்து என் மகள் சொன்னாள்.

"பரவாயில்லைம்மான்னு சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சு. என் கால்ல இருக்குற ராடும் பரவாயில்லைப்பான்னு இங்கேருந்து கத்தலாம்னு பார்த்தேன்."

கணக்கெடுக்கும் பெண் வந்தது, மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அதே வாரம். அவள் உள்ளே படுத்திருக்கிறாள். காலை அசைக்க முடியாமல், பெட்பேன் வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். வாசலில் நின்று அவளைப் பெற்றவர் சாலை பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார்.

நான் என்ன பேசினேன் என்று எழுத விரும்பவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாசல்ல வந்து நிக்கிற யாரோ ஒரு பொண்ணுகிட்ட நம்ம வீட்டுக் கஷ்டத்தை எல்லாம் கொட்டச் சொல்றியா?" என்றார். "மார்க்கெட்ல வந்து கேட்டுப் பாரு. காலுக்கடியில தக்காளி அழுகி ஓடும். யாவாரம் எப்படின்னு கேட்டா பரவாயில்லைங்கன்னுதான் சொல்லுவோம். வேற என்ன சொல்றது? சொன்னா அவன் வந்து அள்ளிட்டுப் போகப் போறானா?"

"இது யாவாரம் இல்லைங்க. அவங்க எழுதிக்கிட்டுப் போறாங்க."

"எழுதிக்கிட்டா என்ன? நம்ம பேச்சு தெரிஞ்ச பொண்ணுதானே? என் மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா?"

டேப்பில் மூஞ்சிக்கு ஒரு கட்டம் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அன்று மாலையே தெருவில் வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் அதே கதை. எதிர்வீட்டு அக்கா தையல் மிஷினை நிறுத்தாமலேயே சொன்னாள்.

"பரவாயில்லைன்னுதான்டி சொன்னேன். அந்தப் பொண்ணு காலேஜ்ல படிக்குதாம். இது அதுக்கு புராஜெக்ட்டாம். நாம நல்லவிதமா சொன்னாத்தானே அதுக்கு மார்க் போடுவாங்க?"

"அக்கா, நம்ம ரோடு மோசம்னு சொன்னா அவ மார்க் எப்படிக்கா குறையும்?"

"எனக்கென்னடி தெரியும்? பாவம், வாடிப்போய் வந்து நின்னுச்சு. முதல் வீட்டுலயே குறை சொல்லி அனுப்புறதா?"

ஒரு பெண்ணின் மார்க்குக்காக ஒரு தெருவே சாலையைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறது. அதைப் பொய் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. இவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் நிற்கவில்லை. கேள்வி கேட்கிறவர்கள் மேல்தான் போய் நின்றது. அந்தக் கேள்வியை எழுதியவரும் இந்த ஊரில் வளர்ந்தவர்தானே? எப்படி இருக்கு என்று கேட்டால் இங்கே என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியாதா? கடக்கும்போது பயமாக இருக்கிறதா, யாராவது அடிபட்டார்களா, பிள்ளைகளைத் தனியாக அனுப்புவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அக்கா மிஷினை நிறுத்திவிட்டுப் பேசியிருப்பாள்.

மறுபடி வருகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோரிடமும் கெஞ்சினேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். தெருவில் அது விளையாட்டாகிவிட்டது. சாப்பாடு எப்படி, உடம்பு எப்படி என்று ஒருவரை ஒருவர் கேட்டு மாட்டிவிடப் பார்த்தார்கள். "மௌன விரதம்னாக்கூட இருந்துடுவேன். இது முடியாது போல இருக்குடி," என்றாள் அக்கா.

அதிகாரியே வந்தார். டேப்போடு அந்தப் பெண்ணும் கூட வந்திருந்தாள். அக்கா வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. இந்த முறை கொட்டித் தீர்த்தார்கள். பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நடுவில் நின்றதை ஒருவர் சொன்னார். செருப்பு அறுந்து சாலையிலேயே விட்டுவிட்டு ஓடி வந்ததை இன்னொருவர் சொன்னார். என் கணவர் பின்னால் நின்றிருந்தார். அதிகாரி அவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார்," என்றார். அவர், "என் பொண்ணு அந்தா, எங்க வீட்டுல படுத்திருக்கு. பாருங்க," என்றார்.

அக்கா அதிகாரியிடம், "உக்கார ஒரு நல்ல சேர்கூட இல்லை. தப்பா நினைக்காதீங்க சார்," என்றாள்.

"பரவாயில்லைங்க," என்றார் அவர்.

ஒரு கணம்தான். அப்புறம் தெருவே வெடித்துச் சிரித்தது. "எழுதிக்கோம்மா, எழுதிக்கோ," என்று அக்கா அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். "சார் நின்னுக்கிட்டே ரொம்பத் திருப்தியா இருக்காராம்!"

அதிகாரி முகம் சிவந்துபோனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைச் சாலைக்குக் கூட்டிப் போனேன். பாதி கடந்து அந்த இடைவெளியில் நின்றோம். இரண்டு பக்கமும் லாரிகள். காற்றில் அவருடைய அட்டை முகத்தில் அடித்தது. ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி ஒட்டிப் போனபோது அவர் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு அடிபட்ட பிறகு நான் அங்கே நின்றது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்து, "நீங்க சொன்னது சரி மேடம். இது சிவப்புதான்," என்றார். சுரங்கப்பாதை வேண்டும், அது வரும்வரை ஒரு சிக்னலாவது வேண்டும் என்று நான் சொன்னதை அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். திருத்திய வரைபடம் சில வாரங்களில் வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் வட்டம் சிவப்பு. சிவப்பைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட தெரு வேறு இருக்காது. என் மகள் அப்போது வாக்கர் இல்லாமல் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்திருந்தாள்.

டாக்டர் பள்ளிக்குப் போகலாம் என்று சொன்ன வாரம். ஒரு காலை நான் வாசல் தெளிக்கும்போது அக்கா சாலைப் பக்கமிருந்து ஓடி வந்தாள்.

"மூடிட்டாங்கடி!"

போய்ப் பார்த்தேன். சென்டர் மீடியனில் இடைவெளி இருந்த இடத்தில் ஆள் நெஞ்சு உயரத்துக்கு கான்கிரீட் தடுப்புகள். கருப்பும் மஞ்சளும் பெயிண்ட் அடித்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருந்தார்கள். அங்கேயே நின்று அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"ஆமா மேடம். சிவப்புன்னு வந்துட்டா உடனடி நடவடிக்கை எடுத்தாகணும். ஆபத்தான திறப்பை மூடணும்ங்கறதுதான் முதல் பரிந்துரை."

"சுரங்கப்பாதை?"

"அது நீண்ட காலத் திட்டம். அடுத்த கட்டத்துல பரிசீலிப்பாங்க."

"சிக்னல்?"

"பைபாஸ்ல சிக்னல் வெச்சா வேகம் குறையும்னு ஏத்துக்க மாட்டாங்க மேடம்."

"மூடச் சொல்லி நாங்க கேட்டோமா சார்?"

"பொதுமக்கள் கருத்தோட அடிப்படையிலதான் மூடியிருக்காங்க. கூட்டக் குறிப்புல உங்க தெரு பேரே இருக்கு. இனிமே விபத்து நடக்காது இல்லையா? நீங்க கேட்டதும் அதுதானே?"

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பச்சையாக இருந்தபோது எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சிவப்பானதும் இருந்ததையும் எடுத்துக்கொண்டு, அதற்குக் காரணமாக எங்கள் பேச்சையே காட்டுகிறார்கள். நாங்கள் வாயைத் திறந்தால் ஒரு கதவு திறக்கும் என்று நம்பினேன். அவர்களிடம் இருந்ததோ மூடுகிற பொத்தான் ஒன்றுதான். எத்தனை விதமாகச் சொன்னாலும் அதைத்தான் அழுத்துவார்கள்.

"நீங்க நாளைக்குக் காலையில ஸ்கூல் நேரத்துக்கு இங்க வாங்க," என்றேன். "விபத்து எப்படி நடக்கப் போகுதுன்னு காட்டுறேன்."

"மீட்டிங்ல இருக்கேன் மேடம், அப்புறம் கூப்பிடுறேன்," என்றார்.

மறுநாள் காலை என் மகள் பள்ளிக்கு ஆட்டோவில் சுற்றிக்கொண்டு போனாள். எங்களால் முடிந்தது, அனுப்பினோம். தெருவில் எல்லோராலும் முடியாது. அவளை அனுப்பிவிட்டு, பஸ் பிடிக்க பைபாஸுக்கு வந்தேன். யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தார்கள். கீழ்வழியைச் சுற்றி யாரும் போகவில்லை. பாதி சாலையை ஓடிக் கடந்து தடுப்பில் ஏறினார்கள். முன்பு நடுவில் நின்று வண்டியைப் பார்க்க இடமாவது இருந்தது. இப்போது ஓடுகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏற வேண்டும். பெரிய பையன்கள் தாவிவிட்டார்கள். சின்னவர்கள் முதலில் பையை அந்தப் பக்கம் எறிந்தார்கள். ஒரு பை கிழிந்து சாலையில் புத்தகங்கள் சிதறின.

நான் ஓடினேன். கையை நீட்டி ஒரு காரை ஒதுக்கிவிட்டுத் தடுப்பை ஒட்டிப் போய் நின்றேன். ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும் ஒரு பெண் பிள்ளை, ரெட்டை ஜடை, தடுப்பைப் பற்றிக்கொண்டு ஏறப் பார்த்தாள். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது.

"ஆன்ட்டி, கொஞ்சம் தூக்கி விடுங்க ஆன்ட்டி. பெல் அடிச்சிடும்."

தூக்கிவிடக் கூடாது என்று தெரியும். இறக்கி, காதைத் திருகி, கீழ்வழியில் போ என்று அனுப்ப வேண்டும். அவள் போக மாட்டாள். நான் நகர்ந்ததும் தானே ஏறுவாள். பின்னால் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கையில் இருந்த என் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தேன். அவளுடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி, தடுப்பின் மேல் உட்கார வைத்தேன். "அந்தப் பக்கம் பாரு. வண்டி இல்லேன்னா மட்டும் இறங்கு," என்று கத்தினேன். ஹாரன் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. குதித்துவிட்டாள்.

திரும்பினேன். எனக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பிள்ளைகள், தூக்கச் சொல்லிக் கையை உயர்த்திக்கொண்டு நின்றார்கள்.